லினக்ஸ் கணினி தானாகவே நேரம் பார்த்துக்கொள்ள: முதன்முறை செய்பவர்களுக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு சித்திரை மாத மத்தியானம், பழைய விலையில்லா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். "அண்ணா, நெட்டு நல்லாத்தான் வருது. ஆனா எந்த சைட்டும் ஓப்பன் ஆவ மாட்டேங்குது. பாதுகாப்பு இல்லன்னே காட்டுது. நாளைக்கு அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள்." அதற்குள் இரண்டு இடத்தில் காட்டியிருந்தாள். வைரஸ் புகுந்திருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் திரையின் மேலே தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடம் பின்னால் இருந்தது.

வைரஸ் எதுவும் இல்லை. ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். ஓராண்டுக்கு மேல் அதிகம் நீளாத சான்றிதழ்கள் அவை. கணினியோ இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியில் நின்றுகொண்டு, இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே என்று கதவைச் சாத்துகிறது. நேரத்தைச் சரிசெய்ததும் தளங்கள் எல்லாம் திறந்தன. மொத்தம் ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடம் தெரியாததால் ஒரு பிள்ளையின் படங்களும் பாடக்குறிப்புகளும் அழிந்திருக்கும் என்பது என்னை உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல் முன்கூட்டியே. கட்டளைகளை நான் போனில் சொல்லிக் கொடுப்பதுபோலவே, ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே இடைவெளி இருந்தால் அங்கேயும் இடைவெளி, கோடு இருந்தால் கோடு. பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஃபெடோரா வித்தியாசப்படும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில், ஒன்றையும் மாற்றாமல் பாருங்கள்

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அதில்:

டைம்டேட்சிடிஎல்

டைம், டேட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள், பிறகு சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகள். எல்லாம் ஒட்டியே வரும். என்டர் தட்டினால் ஏழு வரிகள் வரும். முதல் வரி உள்ளூர் நேரம், இரண்டாவது உலகப் பொது நேரம், மூன்றாவது மதர்போர்டில் இருக்கும் ஆர்டிசி கடிகாரத்தின் நேரம். நான்காவது நேர மண்டலம். ஐந்தாவது வரி, கடிகாரம் ஒத்திசைந்துவிட்டதா என்பதற்கு யெஸ் அல்லது நோ. ஆறாவது வரி, என்டிபி சேவை, அதாவது நெட்வொர்க் வழியாக நேரம் கேட்டு வரும் சேவை, ஓடுகிறதா என்பது. ஏழாவது, ஆர்டிசி உள்ளூர் நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது.

ஐந்தையும் ஆறையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ஆறாவது வரியில் ஆக்டிவ் என்று வந்தால், நேரம் கேட்க ஆள் அனுப்பியாகிவிட்டது என்று பொருள். ஐந்தாவது வரியில் யெஸ் வந்தால்தான் போனவர் பதிலோடு திரும்பி வந்துவிட்டார் என்று பொருள். சேவை ஆக்டிவ் என்று காட்டிக்கொண்டே, நாள்கணக்கில் பதில் வராமல் நேரம் தவறாக ஓடும் கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். யெஸ் வரும்வரை பாருங்கள்.

நேர மண்டலம்

நேர மண்டலத்தைச் சரிசெய்யாமல் மற்றதைத் தொட வேண்டாம். மண்டலம் தவறாக இருந்தால், ஒத்திசைவு துல்லியமாக நடந்தாலும் திரையில் மணி தவறாகத்தான் தெரியும். கட்டளை இது:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா

இங்கே ஏசியாவின் முதல் எழுத்தும் கொல்கத்தாவின் முதல் எழுத்தான கே-யும் பெரிய எழுத்து. சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள், அதனால் கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் தட்டிவிட்டு என்டர் கொடுங்கள்.

"சென்னைன்னு போடக் கூடாதா சார்?" என்று கேட்காத பிள்ளை இல்லை. பட்டியலில் சென்னை கிடையாது, கொல்கத்தா மட்டும்தான். ஆனால் ஒரு காலத்தில் சென்னைக்குத் தனி நேரம் இருந்தது. 1802இல் ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளர் மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து கணக்கிட்டு, கிரீன்விச்சைவிட மெட்ராஸ் 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று வகுத்தார். 1856இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து மணி சொல்லிக்கொண்டிருந்தால் ரயில் ஓட்ட முடியாது; பிற்பாடு ரயில்வே முழுக்க மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்றியதற்கு அதுதான் காரணம். வேலூரின் சூரிய நேரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 16 நிமிடம்தான் முந்தியது. 1906இல் 5 மணி 30 நிமிடம் என்ற இந்திய நேரம் வந்தது. இன்றும் வேலூரில் சூரியன் உச்சிக்கு வருவது, வருடச் சராசரியில், கடிகாரம் 12 மணி 13 நிமிடம் காட்டும்போதுதான்.

இதை நான் விரும்பிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்குப் போனது. பிறகு அந்த வழியிலேயே வந்து பழைய வடஆற்காட்டு மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், காவலூரில் உட்கார்ந்தது. 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. தென்னாட்டுக்கு மணி சொன்ன ஆய்வகத்தின் வாரிசு நம் மலையில்தான் இருக்கிறது.

தானியங்கியைப் போடுவது

மவுஸால் செய்ய விரும்புகிறவர்களுக்கு: உபுண்டுவில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் தேதி-நேரம் பகுதிக்குப் போய் தானியங்கித் தேதி-நேரம் என்ற சுவிட்சைப் போடுங்கள். மின்ட்டில் தேதி-நேரச் சாளரத்தில் நெட்வொர்க் டைம் என்று இருக்கும். டெர்மினலில் என்றால்:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ

அவ்வளவுதான். ஒரு நிமிடம் பொறுத்து டைம்டேட்சிடிஎல் என்று மறுபடி தட்டிப் பாருங்கள். ஐந்தாவது வரி யெஸ் என்றால் முடிந்தது.

என்டிபிக்கு ஆதரவு இல்லை என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால், நேரம் கேட்கப் போகிற ஆளே கணினியில் இல்லை என்று அர்த்தம். இணையம் இருக்கும்போது நிறுவிக்கொள்ளுங்கள்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி

டைம்சிங்க்டியில் டைம், பிறகு எஸ், ஒய், என், சி, கடைசியில் ஒரு டி. இந்த டி-யை விட்டுவிட்டு அரைமணி நேரம் போராடியவர்கள் உண்டு. நிறுவியபின் செட்-என்டிபி ட்ரூ கட்டளையை மறுபடி கொடுங்கள்.

கையால் நேரம் வைக்கப் பார்த்து, தானியங்கி ஒத்திசைவு இயங்குவதால் முடியாது என்று கணினி மறுத்தால் அது கோளாறு இல்லை. ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் திருகக் கூடாது என்பதற்கான காவல். இணையமே இல்லாத இடத்தில் கையால் வைத்தே ஆக வேண்டும் என்றால், கடைசிச் சொல்லை ட்ரூவுக்குப் பதில் ஃபால்ஸ் என்று கொடுத்து நிறுத்திவிட்டு வையுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

என்டிபியை வடிவமைத்தவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். அதன் முதல் விதிமுறை 1985இல் வெளியானது. அவருடைய யோசனையின் அழகை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்லலாம்.

சத்துவாச்சாரியில் என் கடிகாரம் சரியா என்று தெரிய, காட்பாடி ஜங்ஷன் கடிகாரத்தைப் பார்த்து வரத் தம்பியை வண்டியில் அனுப்புகிறேன். என் கடிகாரத்தில் 10:00க்குக் கிளம்புகிறான். ஜங்ஷனை அடையும்போது அங்கே 10:17. ஒரு நிமிடம் நின்று 10:18க்குத் திரும்புகிறான். வீடு சேரும்போது என் கடிகாரம் 10:31. மொத்தம் 31 நிமிடம் வெளியே இருந்தான், அதில் ஒரு நிமிடம் ஜங்ஷனில் நின்றான். ஆக வழியில் 30 நிமிடம், ஒரு பக்கத்துக்கு 15. அப்படியானால் அவன் ஜங்ஷனை அடைந்தபோது என் கடிகாரம் 10:15 காட்டியிருக்கும். அங்கே 10:17. என் கடிகாரம் இரண்டு நிமிடம் மெதுவாக இருக்கிறது.

நான்கு நேரக்குறிப்புகளை வைத்துக் கணினியும் இதே கணக்கைத்தான் போடுகிறது, மில்லி வினாடிகளில். இதில் ஒரு பலவீனம் உண்டு. போகும்போது சாலை காலியாக இருந்து, வரும்போது கிரீன் சர்க்கிளில் நெரிசலில் மாட்டிக்கொண்டால், பாதி பாதியாகப் பிரித்தது பிழையாகிவிடும். அதனால்தான் ஒரே ஒரு சேவையகத்தை, அதாவது நேரம் சொல்லும் சர்வரை, நம்பாமல் பலவற்றைக் கேட்பது நல்லது. இரண்டு பேரைக் கேட்டு இருவரும் வேறு வேறு மணி சொன்னால் யார் சொல்வது சரி என்று தெரியாது. நான்கு பேர் இருந்தால் ஒருவர் பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடலாம்.

வெயிலும் இதில் சேரும். கணினி அணைந்திருக்கும்போது ஓடுவது வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். 25 டிகிரிக்கு அருகில் சரியாக ஓடும்படி வடிவமைத்தது. தகரக் கூரைக்கடியில் 45 டிகிரி சூட்டில் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு வினாடி தளரும். அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர்க் கணினிகள் நேரம் தவறுவதில் ஆச்சரியம் இல்லை.

யாரிடம் நேரம் கேட்பது

நிறுவியபடியே விட்டால் உங்கள் லினக்ஸ் வகையைச் செய்தவர்கள் குறித்துவைத்த சேவையகத்தைக் கேட்கும். வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். சில இடங்களில் ரூட்டரே டிஹெச்சிபி வழியாக, ஐபி முகவரி கொடுக்கும்போதே நேரச் சேவையகத்தின் முகவரியையும் கொடுத்துவிடும்.

இந்தியச் சேவையகங்களே வேண்டும் என்றால் மாற்றலாம். இந்திய நேரத்தை அணுக்கடிகாரங்களால் பேணுவது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், அதாவது என்பிஎல். அதற்கும், மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசிக்கும் பொதுச் சேவையகங்கள் உள்ளன. கடையோ நிறுவனமோ நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் சேவையகத்தோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சேவையகத்தோடு, ஒத்திசைக்க வேண்டும்.

டைம்சிங்க்டி ஓடும் கணினியில் மாற்றுவதற்கு:

சூடோ நானோ /இடிசி/சிஸ்டம்டி/டைம்சிங்க்டி.கான்ஃப்

இடிசி என்பது இ, டி, சி. கான்ஃப் என்பது சி, ஓ, என், எஃப். கோப்பு திறந்ததும், சதுர அடைப்புக்குள் டைம் என்ற தலைப்பின் கீழ், ஹேஷ் குறியோடு தொடங்கும் என்டிபி வரி இருக்கும். ஹேஷ் இருக்கும்வரை அந்த வரியைக் கணினி கண்டுகொள்ளாது. ஹேஷை அழித்துவிட்டு, என்டிபியைப் பெரிய எழுத்திலேயே விட்டு, சமக்குறிக்குப் பின் இப்படி:

என்டிபி=சமய்1.என்ஐசி.இன் சமய்2.என்ஐசி.இன் டைம்.என்பிஎல்இந்தியா.ஓஆர்ஜி 0.இன்.பூல்.என்டிபி.ஓஆர்ஜி

சமய் என்பது எஸ், ஏ, எம், ஏ, ஒய். பெயர்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி மட்டும் போதும், காற்புள்ளி வேண்டாம். கன்ட்ரோல்-ஓ, என்டர், கன்ட்ரோல்-எக்ஸ் என்று சேமித்து வெளியே வந்து:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி

டைம்சிங்க்டி இந்த நான்கையும் ஒரே நேரத்தில் கேட்டு ஒப்பிடாது. ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குப் போகும், அவ்வளவுதான். ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிற வேலையை க்ரோனி என்ற இன்னொரு நிரல் செய்யும். அது கீழே வருகிறது. இப்போது யாரிடமிருந்து நேரம் வருகிறது என்று பார்க்க:

டைம்டேட்சிடிஎல் டைம்சிங்க்-ஸ்டேட்டஸ்

இதில் சேவையகத்தின் பெயர், ஸ்ட்ராட்டம், ஆஃப்செட் மூன்றையும் பாருங்கள். ஸ்ட்ராட்டம் என்பது தலைமுறை. அணுக்கடிகாரம் 0, அதோடு நேரடியாகப் பிணைந்த சேவையகம் 1, அதைக் கேட்டு ஓடுவது 2. ஆஃப்செட் என்பது உங்கள் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. சில மில்லி வினாடிகள் என்றால் அருமை, ஐம்பது என்றாலும் கவலைப்பட வேண்டாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால்

நம் பக்கத்துப் பழைய விலையில்லா மடிக்கணினிகளில் இரண்டும் இருக்கும். விண்டோஸுக்குள் போனால் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது என்றால், எதுவும் கெட்டுப்போகவில்லை. மதர்போர்டுக் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். விண்டோஸ் எழுதியதை லினக்ஸ் படித்தால், ஒத்திசையும்வரை ஐந்தரை மணி முன்னால் ஓடும். இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1

இதைக் கொடுத்தபின் டைம்டேட்சிடிஎல் எச்சரிக்கை ஒன்று காட்டும். கோடை நேரம், குளிர்கால நேரம் என்று கடிகாரத்தை மாற்றுகிற நாடுகளில்தான் அது பெரிய தொல்லை. இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவது இன்னும் சுத்தமான வழிதான், ஆனால் முதன்முறை செய்கிறவரை ரெஜிஸ்ட்ரிக்குள் அனுப்ப எனக்கு மனம் வராது. லினக்ஸ் மட்டும் உள்ள கணினியில் இந்தக் கட்டளையைத் தொடவே வேண்டாம்.

யெஸ் வரவில்லை என்றால்

முதலில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். இணையம் வந்தும் ஒத்திசையவில்லை என்றால், பெரும்பாலும் நெட்வொர்க்குக்குக் காவல் இருக்கும் ஃபயர்வால்தான். என்டிபி போகிற வழி யுடிபி 123 என்ற போர்ட். கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் வெளியே போகும் 123ஐ அடைத்துவைப்பது சகஜம். அங்கே எத்தனை சேவையகத்தை மாற்றினாலும் பயன் இல்லை. நெட்வொர்க் பார்ப்பவரிடம், "நம்ம உள் நெட்வொர்க்குல என்டிபி சர்வர் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். அநேகமாக ஓர் உள் முகவரி தருவார். அதை என்டிபி வரியில் போட்டால் போதும்.

ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னால் போகிறது என்றால், மதர்போர்டுக் கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக்கணினியில் அது பொத்தான் போன்ற சிஆர்2032, 3 வோல்ட். கரண்டைத் துண்டித்துவிட்டு நீங்களே மாற்றலாம். மடிக்கணினியில் சில மாடல்களில் அது வயரோடு இருக்கும், அதைக் கடையில் கொடுப்பது நல்லது. அந்த மாணவியின் தேதி 1970க்கோ 2000த்துக்கோ போகாமல் இரண்டு வருடத்தோடு நின்றது ஏன் என்று யோசித்தேன். சிஸ்டம்டி தான் உருவாக்கப்பட்ட நாளுக்கு முன்னால் கடிகாரத்தைப் போகவிடாது. டைம்சிங்க்டி ஓடினால் கடைசியாகத் தெரிந்த நேரத்தையும் ஒரு கோப்பில் குறித்துவைத்து, அதற்கு முன்னால் போகாமல் பார்த்துக்கொள்ளும். அவளுடைய கணினியில் டைம்சிங்க்டி நிறுத்தப்பட்டிருந்தது. கடிகாரமே இல்லாத பழைய ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகைகளில் இந்தக் கோப்புதான் பெரிய துணை.

பள்ளி ஆய்வகம், பல கணினிகள்

இருபது கணினிகள், அடிக்கடி போகும் இணையம். இந்த இடத்தில் ஒவ்வொன்றையும் வெளியே அனுப்பாமல், ஒரு கணினியை மணிக்கூண்டாக்கி மற்றவற்றை அதைப் பார்க்க வைப்பதுதான் சரி. இணையம் போனாலும் இருபதும் ஒரே மணி காட்டும். தேர்வு நேரத்தில் அது பெரிய விஷயம்.

மணிக்கூண்டாகும் கணினியில் க்ரோனியை நிறுவுங்கள்: சூடோ ஏபிடி இன்ஸ்டால் க்ரோனி. க்ரோனி என்பது சி, ஹெச், ஆர், ஓ, என், ஒய். அது வந்தால் டைம்சிங்க்டி தானாக விலகிக்கொள்ளும். ஃபெடோராவில் க்ரோனி ஏற்கெனவே இருக்கும். பிறகு /இடிசி/க்ரோனி/க்ரோனி.கான்ஃப் கோப்பின் கடைசியில், ஒவ்வொன்றும் தனி வரியாக:

சர்வர் சமய்1.என்ஐசி.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் டைம்.என்பிஎல்இந்தியா.ஓஆர்ஜி ஐபர்ஸ்ட்
பூல் இன்.பூல்.என்டிபி.ஓஆர்ஜி ஐபர்ஸ்ட்
அல்லவ் 192.168.1.0/24
லோக்கல் ஸ்ட்ராட்டம் 10

ஐபர்ஸ்ட் என்பது ஐ, பி, யு, ஆர், எஸ், டி. அது இருந்தால் தொடங்கியதும் அடுத்தடுத்துச் சில முறை கேட்டுச் சீக்கிரம் சரியாகும். அல்லவ் வரி உங்கள் ஆய்வகத்தின் முகவரிகளுக்குப் பதில் சொல்ல அனுமதி தருகிறது. உங்கள் ரூட்டர் தரும் எண்களுக்கேற்ப அதை மாற்றுங்கள். கடைசி வரி, வெளியுலகம் கிடைக்காத நாளிலும் மற்றவர்களுக்கு மணி சொல்லச் சொல்கிறது. ஃபயர்வால் போட்டிருந்தால் சூடோ யுஎஃப்டபிள்யூ அல்லவ் 123/யுடிபி என்று வழியைத் திறந்துவிட்டு, சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் க்ரோனி கொடுங்கள். ஃபெடோராவில் கோப்பு நேராக இடிசிக்குள்ளேயே இருக்கும், சேவையின் பெயர் க்ரோனிடி.

பிறகு க்ரோனிசி சோர்சஸ் என்று தட்டினால் சேவையகங்களின் பட்டியல் வரும். வரித் தொடக்கத்தில் கூரைக்குறியோடு நட்சத்திரம் இருப்பதுதான் இப்போது அது நம்பிப் பின்பற்றும் சேவையகம். கேள்விக்குறி இருந்தால் அங்கிருந்து இன்னும் சரியான பதில் இல்லை. எல்லாமே கேள்விக்குறி என்றால் மறுபடி போர்ட் 123தான்.

மற்ற பத்தொன்பதிலும் டைம்சிங்க்டி.கான்ஃபின் என்டிபி வரியில் மணிக்கூண்டின் ஐபி முகவரியை மட்டும் போடுங்கள். அந்த முகவரி மாறாமல் இருக்க ரூட்டரில் ஒதுக்கிவைக்க மறக்காதீர்கள். இதை மறந்து, ஒரு வாரம் கழித்துப் பத்தொன்பதும் இல்லாத முகவரியைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் கணினியை ஒரு முறை முழுதாக அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். நம் ஊரில் கரண்ட் அப்படித்தான் போகும், அப்படியே சோதிக்க வேண்டும். இணையம் வந்து ஒரு நிமிடம் ஆனபின் டைம்டேட்சிடிஎல் தட்டி, ஐந்தாவது வரியைப் படியுங்கள்.